பறக்கத் தெரிந்த கிளி ஏன் கைக்குத் திரும்பி வருகிறது?

காஞ்சிபுரத்துக் கோயில் தெருக்களில் நடந்தவர்கள் கிளி ஜோசியம் பார்த்திருப்பார்கள். பார்க்காதவர்களும் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். ஜோசியர் குரல் கொடுத்ததும் கூண்டுக் கதவு திறக்கும். கிளி தத்தித் தத்தி வெளியே வரும். அடுக்கி வைத்த சீட்டுகளை அலகால் தள்ளித் தள்ளி ஒன்றை உருவிக் கொடுக்கும். நீட்டிய நெல்மணியை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் தானே போய்விடும். தலைக்கு மேல் திறந்த வானம் இருக்கிறது. கிளி ஏன் பறந்துபோவதில்லை?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று அந்த நெல்மணி. கூப்பிட்டால் வந்து, சீட்டு எடுத்து, திரும்பிப் போனால் தீனி கிடைக்கும் என்பதைக் கிளி படிப்படியாகக் கற்றிருக்கிறது. மற்றொன்று கத்தரிக்கோல். ஜோசியக் கிளிகளின் சிறகை நறுக்கி வைப்பது வழக்கம். நினைத்தாலும் அவற்றால் தெருவைத் தாண்டிப் பறக்க முடியாது.

கத்தரிக்கோலை எடுத்துவிட்டால் நெல்மணி மட்டும் போதுமா? முழுச் சிறகோடு வளரும் ஒரு சின்னக் கிளி, பறக்கக் கற்றுக்கொண்ட பிறகும் நம் கையைத் தேடி வருமா? வரும் என்பதை ஆய்வுக்கூடங்களே காட்டியிருக்கின்றன. அது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், சிறகை வெட்ட ஒரு காரணமும் மிஞ்சாது.

எந்தக் கிளி?

முதலில் ஒரு தெளிவு. நம் வயலிலும் கோபுரத்திலும் பார்க்கும் பச்சைக்கிளியை, அதாவது கழுத்தில் ரோஜா நிற வளையம் உள்ள செந்தார்ப் பைங்கிளியை, வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில், ஒரு வேட்பாளர் வெல்வார் என்று கடலூர்ப் பகுதியில் சீட்டெடுத்துக் கொடுத்த கிளி செய்தியானது. உடனே வனத்துறை வந்து கிளிகளை மீட்டது. ஜோசியரை எச்சரித்து அனுப்பியது. அது வரையில், கிளி ஜோசியமே சட்டத்தின் மறுபக்கத்தில் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாமலே இருந்தது.

வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தருவது வெளிநாட்டுச் சிறுகிளிகளுக்கு. நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பேரில் விற்கப்படுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் கிளிகள்தான். எடை 30 முதல் 40 கிராம். பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. கொண்டைக் கிளியான காக்டெயிலும் அப்படித்தான். கோனூர் முதலான வேறு பல வெளிநாட்டுக் கிளிகளை வளர்ப்போர், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இனி இந்தக் கட்டுரையில் வளர்ப்புக் கிளி என்றால் இவைதான்.

பறப்பதைக் கற்க வேண்டுமா?

பட்ஜெரிகர் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும்போது இறகில்லாமல், கண் திறக்காமல் இருக்கும். ஏறத்தாழ ஐந்து வாரத்தில் கூட்டைவிட்டுப் பறந்துவிடும். இதை யார் சொல்லிக் கொடுத்தது? தாயும் தந்தையும் பாடம் எடுத்தனவா? கூட்டுக்குள்ளேயே சிறகடித்துப் பயிற்சி செய்ததால் வந்ததா?

19ஆம் நூற்றாண்டில் டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் இதைச் சோதித்துப் பார்த்தார். இறகு முளைக்காத தகைவிலான் குஞ்சுகளை, சிறகை விரிக்கவே இடமில்லாத சிறு பெட்டியில் அடைத்து அவற்றின் கூட்டருகிலேயே தொங்கவிட்டார். பெற்றோர் கம்பி வழியாக இரை ஊட்டின. குஞ்சுகள் முழுதாக வளர்ந்ததும் திறந்துவிட்டார். ஒருமுறைகூடச் சிறகடித்துப் பார்க்காத அவை பறந்தன. சில தள்ளாடின என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். 1930களின் இறுதியில் ஜெர்மனியில் க்ரோமன் என்பவர் புறாக் குஞ்சுகளைக் குறுகிய குழாய்களில் வளர்த்தார். சுதந்திரமாகச் சிறகடித்து வளர்ந்த குஞ்சுகளை அவற்றோடு ஒப்பிட்டார். வயது வந்ததும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே பறந்தன.

இன்று இத்தகைய சோதனைக்கு யாரும் ஒப்பமாட்டார்கள். ஆனாலும் அவை ஒரு முக்கியமான வேறுபாட்டைத் தெளிவாக்கின. சிறகை எந்தத் தாளத்தில் அடிக்க வேண்டும் என்பது உடம்போடு வருவது. தசையும் இறகும் நரம்பும் வளர்ந்து முடிந்ததும் தானாக வெளிப்படுவது. இதை முதிர்ச்சி என்கிறோம். ஸ்பால்டிங்கின் குஞ்சுகளில் தெரிந்த தள்ளாட்டம் வேறொன்றைச் சொல்கிறது. எங்கே திரும்புவது, எப்போது வேகத்தைக் குறைப்பது, எந்தக் கொம்பில் எப்படி இறங்குவது என்பவை பழகப் பழகச் சீராகின்றன. இதுதான் கற்றல்.

வளர்ப்புக் கிளி வைத்திருப்பவர்கள் இதைத் தினமும் காண்கிறார்கள். இளங்கிளி முதல்நாளே திரைச்சீலைக் கம்பிக்குப் பறந்து ஏறிவிடும். அங்கிருந்து இறங்கத் தெரியாமல் கத்திக்கொண்டிருக்கும். ஏறுவதைவிட இறங்குவது ஏன் கடினம்? இதற்கு விடை தேடியவர்களுக்கு உதவியது, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கிளி.

தினைக்காகப் பறந்த குறுங்கிளிகள்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் லென்டிங்கின் ஆய்வுக்குழு, தென்னமெரிக்காவின் பசிபிக் குறுங்கிளிகளைப் பழக்கியது. எடை 30 கிராம் அளவுதான். இரண்டு கொம்புகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பறந்தால் ஒரு சிறுதானிய மணி பரிசு. இந்தக் கிளிகளுக்கு யாரும் சிறகை வெட்டவில்லை. வெட்டியிருந்தால் ஆராய்ச்சியே இல்லை. கொம்புகளில் விசையை அளக்கும் உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. காலால் எவ்வளவு உதைக்கிறது, சிறகால் காற்றை எவ்வளவு தள்ளுகிறது என்று நொடியின் சிறு பகுதிகளாகப் பிரித்து அளந்தார்கள்.

டயானா சின்னும் லென்டிங்கும் 2017இல் வெளியிட்ட முடிவு இது: பக்கத்துக் கொம்புக்குப் போகும்போது கிளி பெரும்பாலும் கால் உதைப்பையே நம்புகிறது. தூரம் கூடக் கூடத்தான் சிறகின் பங்கு கூடுகிறது. அதாவது பறத்தல் ஒரு தாவலில் தொடங்குகிறது. கிளிக்குப் பறக்கப் பழக்குகிறவர்கள் ஒரு விரற்கடைத் தாவலிலிருந்து ஆரம்பிப்பது ஏன் சரி என்பதற்கு இது நல்ல சான்று.

2019இல் அவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். விமானம் பறக்கும்போது தூக்குவிசை அதை மேலே தாங்குகிறது. இழுவிசை பின்னால் இழுத்துத் தடுக்கிறது. இழுவிசை பெரும்பாலும் வேண்டாத செலவு. குறுங்கிளி கிளம்பும்போது சிறகைச் செங்குத்தாகக் கீழே அடிப்பதால், அந்த வேண்டாத இழுவிசையே மேல்நோக்கித் திரும்பி, உடல் எடையில் ஏறக்குறைய பாதியைத் தாங்குகிறது. இறங்கும்போது நேர்மாறு: தூக்குவிசையைப் பின்பக்கமாகச் சாய்த்து அதையே பிரேக்காகப் பயன்படுத்துகிறது. ஒரே சிறகு, இரண்டு நேரத்தில் இரண்டு வேலை.

இறங்கும் கணத்தில் கால்களும் சேர்ந்துகொள்கின்றன. மரக்கொம்பு, உப்புத்தாள், வழுக்கும் டெஃப்லான் என வெவ்வேறு பரப்புகளில் கிளிகளை இறங்க வைத்தார்கள். எந்தப் பரப்பானாலும் அவை ஒரே மாதிரிதான் நெருங்கின. தொட்ட பிறகுதான் நகங்களை இழுத்து, விரல்களை இறுக்கி, பிடி கிடைக்கும் வரை சரிசெய்தன. நகம் சுருளும் அந்த அசைவு நொடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கில் முடிந்துவிடுகிறது.

இறங்குவதன் சிரமம் இப்போது விளங்கும். வேகத்தைக் குறைக்க வேண்டும், சிறகின் கோணத்தை மாற்ற வேண்டும், காலை நீட்ட வேண்டும், தொட்ட கணத்தில் பிடிக்க வேண்டும். இவை எல்லாம் ஒரு நொடிக்குள் ஒன்றோடொன்று இசைய வேண்டும். ஆகவே இளங்கிளி கம்பியில் மாட்டிக்கொண்டு கத்தினால், அது பிடிவாதம் என்று கோபப்படக் கூடாது. நடுவில் ஒரு தாழ்ந்த கொம்போ நாற்காலி முதுகோ வைத்து, உயரத்தைப் படிகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கண் சொல்லும் வேகம்

சுவரில் மோதாமல் ஒரு கிளி எப்படிப் பறக்கிறது? ஓடும் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அடிப்படை தெரியும். சாலையோரப் புளியமரங்கள் சர்சர்ரென்று பின்னால் ஓடுகின்றன. தூரத்துக் கோபுரம் மெல்ல நகர்கிறது. அருகில் இருப்பது கண்ணில் வேகமாக நகரும், தொலைவில் இருப்பது மெதுவாக நகரும். விழித்திரையில் காட்சி நகரும் இந்த வேகத்தைக் காட்சி ஓட்டம் என்போம்.

பெங்களூருவில் படித்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மாண்டயம் சீனிவாசன், தேனீக்கள் காட்சி ஓட்டத்தை வைத்தே வழி நடக்கின்றன என்று காட்டியவர். அவருடைய குழு அதே கேள்வியை பட்ஜெரிகர் கிளிகளிடம் கேட்டது. முடிவு 2011இல் வெளியானது. நீண்ட கூடம் ஒன்றின் இரு சுவர்களிலும் செங்குத்துக் கோடுகள் ஒட்டப்பட்டபோது, கிளிகள் நடுவிலேயே பறந்தன. ஒரு சுவரில் மட்டும் கோடுகளைக் கிடைமட்டமாக மாற்றினார்கள். பறக்கும் திசையிலேயே நீண்டு கிடக்கும் கோடு, எவ்வளவு வேகமாகப் போனாலும் கண்ணில் நகர்வதாகத் தெரியாது. கிளிகள் அந்தச் சுவர் வெகுதொலைவில் இருப்பதாக எண்ணி, அதன் பக்கமே ஒதுங்கிப் பறந்தன. இரு கண்களிலும் காட்சி ஓடும் வேகத்தைச் சமமாக வைத்துக்கொண்டு அவை நடுவழியைக் கண்டுபிடிக்கின்றன என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

அதே குழு 2014இல் இன்னொரு திறமையைப் பதிவு செய்தது. இரண்டு தடைகளுக்கிடையே உள்ள இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். விரித்த சிறகின் அகலத்தைவிட இடைவெளி குறைந்தபோது கிளிகள் சிறகை மடக்கிப் பாய்ந்தன. அதற்கு முன் மடக்கவில்லை. தன் உடலின் அகலம் எவ்வளவு என்பது அந்தச் சின்னக் கிளிக்குச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் தெரிந்திருக்கிறது.

இந்த ஆய்வுகள் வீட்டுக்கும் நேரடியாக உதவும். சுத்தமாகத் துடைத்த ஜன்னல் கண்ணாடியில் கண்ணுக்குப் பிடிமானமாக எதுவும் இல்லை; காட்சி ஓட்டமும் இல்லை. அதனால்தான் கிளிகள் கண்ணாடியில் முட்டுகின்றன. பழக்கும் நாட்களில் கண்ணாடிமேல் காகிதப் பட்டைகளைச் செங்குத்தாக ஒட்டிவைக்கலாம். அல்லது திரையை மூடிவிடலாம்.

வலுவூட்டல் என்னும் வழி

இனி பழக்கும் முறைக்கு வருவோம். ஒரு செயலைச் செய்த உடனே நல்லது நடந்தால், அந்தச் செயல் மறுபடி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதை வலுவூட்டல் என்கிறது உளவியல். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார். கிளி ஜோசியர்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே இதைக் கண்டு கையாண்டவர்கள். அந்தத் திறமையை மதிக்கத்தான் வேண்டும்.

இதில் இரண்டு நுட்பங்கள் இருக்கின்றன. ஒன்று, பரிசு உடனே வர வேண்டும். கிளி கையில் வந்து இறங்கி, நாம் டப்பாவைத் திறந்து தினையைத் தேடி எடுப்பதற்குள் அது மூன்று வேறு காரியம் செய்துவிடும். எதற்காகப் பரிசு என்று அதற்குத் தெரியாது. ஆகவே சரியான கணத்தைக் குறிக்க ஒரு ஒலி தேவை. நாக்கால் எழுப்பும் ஒரே மாதிரியான 'டக்' ஒலி போதும். கிளிக்கர் என்ற சிறு கருவியும் கிடைக்கிறது. ஒலி வந்தால் தினை வரும் என்று கிளிக்கு முதலில் புரியவைத்துவிட்டால், பிறகு அந்த ஒலியே "இதுதான் சரி" என்று சொல்லிவிடும்.

இரண்டு, படிகள் சிறியதாக இருக்க வேண்டும். கூண்டுக் கம்பி வழியே கையிலிருந்து தின்பது முதல் படி. ஒரு குச்சியின் நுனியை அலகால் தொட்டதும் பரிசு தருவது அடுத்தது. இந்த இலக்குக் குச்சி எங்கே போகிறதோ அங்கே கிளியும் போகக் கற்றுக்கொள்ளும். பிறகு விரலில் ஏறுவது, கொம்பிலிருந்து விரலுக்கு ஒரு சிறு தாவல், ஒரு சாண் தூரம், ஒரு முழம், அதன்பின் அறையின் குறுக்கே. ஒரு படியில் தடுமாறினால் முந்தைய படிக்குத் திரும்புவதே சரி. சில நிமிடங்களில் பாடத்தை முடித்து, கிளிக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

பட்டினி போட்டுப் பழக்குவது மட்டும் கூடவே கூடாது. 35 கிராம் உடம்பில் சேமிப்பு மிகக் குறைவு. வழக்கமான தீனிக்குச் சற்று முன்னதாகப் பயிற்சி வைத்தாலே போதும். சிறுதானியத்துக்குக் கிளி காட்டும் ஆசையை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண்களைச் சங்கப் புலவர்கள் குறிஞ்சிப் பாடல்களில் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள்.

கையால் பிடித்து அமுக்குவது, துரத்துவது, கடித்தால் அலகில் தட்டுவது ஆகியவை எதிர்விளைவையே தரும். கிளி இரையாகும் இனம். மேலிருந்து பாய்ந்து வரும் கை அதற்கு வல்லூறு. ஒருமுறை பயந்த இடத்திற்கு மறுபடி வரப் பல நாள் ஆகும். பறக்கும் கிளியை வற்புறுத்தவே முடியாது. அது வருவது எப்போதும் அதன் சொந்த முடிவுதான். பழக்குபவரை நேர்மையாக வைத்திருப்பதும் இதுதான்.

பேர் சொல்லும் குரல்

தீனி மட்டுமே காரணமானால், வயிறு நிறைந்த கிளி ஏன் நம் தோளில் வந்து உட்கார்ந்து இறகு கோதுகிறது? இங்கேதான் உறவு வருகிறது.

கிளிகள் கூட்டமாக வாழ்பவை. ஒன்றையொன்று காணாத நேரத்தில் 'நான் இங்கே, நீ எங்கே' என்று கேட்கும் குறுங்குரல் ஒன்று உண்டு. தொடர்புக் குரல் என்று சொல்லலாம். வெனிசுவேலாவில் காட்டுக் குறுங்கிளிகளை ஆராய்ந்த கார்ல் பெர்க், ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனித் தொடர்புக் குரல் அமைவதைக் கவனித்தார். அது பிறவியிலேயே வருவதா, பெற்றோர் தருவதா? கூடுகளுக்கிடையே முட்டைகளை மாற்றி வைத்தார். குஞ்சுகளின் குரல்கள் ஈன்ற பெற்றோரின் குரலோடு ஒத்துப்போகவில்லை. வளர்த்த பெற்றோரின் குரலோடு ஒத்துப்போயின. கூட்டைவிட்டுப் பறப்பதற்கு முன்பே குஞ்சுகள் இந்த அடையாளத்தைப் பெற்றுவிடுகின்றன. 2011இல் வெளியான இந்த ஆய்வு, குழந்தைக்குப் பெற்றோர் பேரிடுவதற்கு மிக அருகில் கிளிகளும் வந்திருப்பதைக் காட்டியது.

பட்ஜெரிகர் கிளிகளில் ஜோடி சேரும் ஆண், தன் துணையின் தொடர்புக் குரலைப் பின்பற்றித் தன் குரலையே மாற்றிக்கொள்கிறது. 2000இல் வெளியான ஆய்வு இதைப் பதிவு செய்தது. உறவு என்பது அவற்றுக்கு ஒலியில் நடக்கும் காரியம்.

இதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் செய்ய வேண்டியது எளிது. உங்கள் கிளிக்கென்று ஒரு சிறு சீழ்க்கையை வைத்துக்கொள்ளுங்கள். தீனி வைக்கும்போதும் அறைக்குள் நுழையும்போதும் அதே ஒலி. அது அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தால் பதில் கொடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அருகில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். நாளடைவில் உங்களைக் கூட்டத்தில் ஒருவராக அது ஏற்றுக்கொள்ளும். பறந்து வழி தவறிய கணத்தில் அதை உங்கள் பக்கம் திருப்பக்கூடியது அந்தக் குரல்தான். ஆனால் கூட்டம் தேடும் உயிரை நாள் முழுக்கத் தனியே விடுவது கொடுமை. வீட்டில் ஆள் இல்லாதவர்கள் ஜோடியாக வளர்ப்பதே நல்லது.

வெட்டினால் என்ன போகிறது?

"நகம் வெட்டுவது போலத்தானே, வலிக்காது" என்பார்கள். வளர்ந்து முடிந்த இறகில் உயிர் இல்லை என்பது உண்மை. வெட்டும்போது வலி இருக்காது. புதிதாக முளைத்துவரும் இறகில் இரத்தம் ஓடும். அதை வெட்டினால் ஆபத்து. ஆனால் இழப்பு வலியில் இல்லை. நகம் தினமும் வளரும். வெட்டுப்பட்ட இறகு வளராது. அடுத்த இறகுதிர்ப்பில் அது விழுந்து புதிது முளைக்கும் வரை, பல மாதம் கிளி அப்படியே இருக்கும்.

ஸ்டான்ஃபோர்டு அளவீடுகளை நினைத்துப் பாருங்கள். இறங்கும்போது பிரேக்காக இருப்பதும் சிறகுதான். அதை நறுக்கிவிட்டால் கிளி உயரே போவது நிற்கிறது, பத்திரமாக விழுவதும் நிற்கிறது. தரையில் மார்பெலும்பு மோதிக் காயமாகலாம். மார்பின் பெரிய பறக்கும் தசைகளுக்கு வேலையில்லாமல் போகிறது. முதல் பறத்தலுக்கு முன்பே வெட்டப்பட்ட குஞ்சு, வேகம் குறைத்து இறங்கும் பாடத்தைக் கற்க வேண்டிய வயதில் கற்காமல் விடுகிறது.

வீட்டு ஆபத்துகளுக்குத் தீர்வு வீட்டைத் திருத்துவதில் இருக்கிறது. கிளி வெளியே இருக்கும்போது மின்விசிறி நிற்க வேண்டும், தண்ணீர் டிரம்முக்கு மூடி வேண்டும், அடுப்படிக் கதவு சாத்தியிருக்க வேண்டும். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி, மனிதர்களுக்குத் தெரியுமுன் கிளியைக் கொன்றுவிடும்; பறவையின் நுரையீரல் அவ்வளவு திறமையாகக் காற்றை உள்வாங்கும். தறி ஓடும் வீடுகளில் பாவு கட்டிய அறைக்குள் கிளியை விடக் கூடாது. பட்டு இழை காலில் சுற்றினால் இரத்த ஓட்டமே நின்றுபோகும்.

கூரத்துக் கிளிகளுக்காக

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், பல்லவர் காலத்திலேயே பாசனம் கண்ட ஊர். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும் பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு என்ற காலையும் குறிப்பிடுகிறது. ஏரி இருந்தால் நெல் இருக்கும். நெல் இருந்தால் பச்சைக்கிளியும் வரும். தை முதல் பங்குனி வரை அவை மரப்பொந்துகளிலும் பழைய கட்டட இடுக்குகளிலும் குஞ்சு பொரிக்கின்றன. குஞ்சுகளைத் திருடி விற்பதும் அந்த மாதங்களில்தான்.

ஆகவே வாசகர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். கூட்டிலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சைக் கண்டால், முடிந்தால் அதே பொந்தில் திரும்ப வையுங்கள்; காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்ற பயம் வேண்டாம்; அது வெறும் நம்பிக்கை. வளர்க்க ஆசையிருந்தால், தானே தின்னப் பழகிய லவ் பேர்ட்ஸையோ காக்டெயிலையோ வாங்குங்கள், கூண்டில் பிறந்தவைதானா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய பின் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். ஒரு பிடி தினையும், ஒரு சீழ்க்கையும், சில வாரப் பொறுமையும் இருந்தால், முழுச் சிறகுள்ள கிளி தானாகவே உங்கள் கைக்கு வரும்.